கேனன் ஆர்எஃப் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம்: 160 கிராம் லென்ஸால் எது முடியும், எது முடியாது

முதலில் உங்கள் கேமராவில் இருப்பது எந்த சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) என்று பாருங்கள். ஆர்50, ஆர்100, ஆர்10, ஆர்7 ஆகிய நான்கும் ஏபிஎஸ்-சி, அதாவது சிறிய சென்சார் கேமராக்கள். அவற்றில் மாட்டினால் இந்த லென்ஸ் 80 எம்எம் போல நடந்துகொள்ளும். 50 எம்எம்முக்கு வழக்கமாகச் சொல்லும் ஸ்டாண்டர்டு லென்ஸ் என்ற பெயர் அப்போது அதற்குப் பொருந்தாது. கேமராவின் பெயர் ஆர்50, லென்ஸின் பெயர் ஆர்எஃப் 50 என்பதால் இரண்டும் ஜோடி என்று நம்பி வாங்குகிறவர்களும் உண்டு. வாங்கியபின் "வீட்டுக்குள் யாருமே படத்துக்குள் அடங்கவில்லை" என்ற புகார் வரும். அதில் லென்ஸின் குற்றம் எதுவும் இல்லை.

கணக்கைப் பார்த்தால் புரியும். 12 அடி நீளமுள்ள ஓர் அறை. நீங்கள் ஒரு சுவரில் முதுகை ஒட்டி நிற்கிறீர்கள், எதிரில் இருப்பவர் தன் பின்னாலுள்ள சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறார். இடைவெளி கிட்டத்தட்ட 3 மீட்டர். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் அந்தத் தூரத்தில் படத்தின் நீண்ட பக்கம் சுமார் 2.1 மீட்டரை அடக்கும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் தலை முதல் பாதம் வரை ஆள் வந்துவிடுவார். அதே இடத்தில் ஏபிஎஸ்-சி கேமரா என்றால் 1.3 மீட்டர்தான். முழங்காலோடு படம் முடிந்துவிடும். கிடைமட்டமாகப் பிடித்தால் இருவர் வருவார்கள், மூன்றாமவரின் தோள் வெட்டுப்படும்.

ஆகவே ஆர்50, ஆர்10 வைத்திருப்பவர்கள் முகத்தை மட்டும் நெருக்கி எடுக்கும் போர்ட்ரெய்ட்டுக்கு என்றால் இதை வாங்கலாம், அதற்கு 80 எம்எம் அருமையான அளவு. எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் வேண்டும் என்றால் ஆர்எஃப் 28 எம்எம் எஃப்/2.8 எஸ்டிஎம் பக்கம் போங்கள். 120 கிராம், 24.7 மி.மீ. நீளம், ஏபிஎஸ்-சி கேமராவில் சுமார் 45 எம்எம் பார்வை. இதற்குக் கீழே சொல்வதெல்லாம் ஆர், ஆர்பி, ஆர்8, ஆர்6, ஆர்5 போன்ற ஃபுல் ஃபிரேம் கேமராக்களுக்கானது.

அளவும் எடையும்

2020 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் தொடக்க விலை 199 டாலர். விட்டம் 69.2 மி.மீ., நீளம் 40.5 மி.மீ., எடை 160 கிராம். பேட்டரியும் கார்டும் சேர்த்து 461 கிராம் இருக்கும் ஆர்8-இல் மாட்டினால் மொத்தம் 621 கிராம். கேனனின் ஆர்எஃப் 50 எம்எம் எஃப்/1.2 எல் லென்ஸ் மட்டுமே 950 கிராம். அதாவது அந்த லென்ஸின் எடையில் இங்கே கேமராவும் லென்ஸும் வந்து, மூன்றில் ஒரு பங்கு மிச்சமும் இருக்கிறது. நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் எஃப்/1.2-க்கும் எஃப்/1.8-க்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது (எஃப் எண் குறையக் குறைய ஒளி புகும் துளை பெரிதாகும்).

ஏற்கெனவே டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா) காலத்து 50 எம்எம் வைத்திருப்பவர்கள் மாற வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. அது எந்த 50 என்பதைப் பொறுத்தது. 2015-இல் வந்த இஎஃப் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் என்றால் அவசரப்பட வேண்டாம். அதிலும் 6 கண்ணாடிகள், 5 குழுக்கள், 7 இதழ் அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை). புதியதில் ஒரு கண்ணாடி மட்டும் பிளாஸ்டிக் வார்ப்பில் செய்த ஆஸ்ஃபெரிக்கல் (முழுக்கோள வளைவு இல்லாதது). படத்தின் தரத்தில் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். அளவில் கிடைக்கும் லாபம் அதிகம். பழைய இஎஃப் லென்ஸை ஆர் கேமராவில் மாட்டத் தேவைப்படும் அடாப்டர் 24 மி.மீ. நீளம், 110 கிராம். பழைய லென்ஸும் அடாப்டரும் சேர்ந்தால் 63 மி.மீ. நீளம், 270 கிராம் அளவுக்கு வந்துவிடும். கூடவே கிட்டத்து ஃபோகஸ் 35 செ.மீ.இலிருந்து 30 செ.மீ. ஆகக் குறைந்திருக்கிறது.

ஸ்டுடியோ அலமாரிகளில் இன்னும் கிடக்கும் 1990-ஆம் ஆண்டு மாடலான இஎஃப் 50 எம்எம் எஃப்/1.8 டூ என்றால் கதை வேறு. பிளாஸ்டிக் மவுண்ட் (கேமராவில் பூட்டும் பகுதி), 5 இதழ் அப்பர்ச்சர், 45 செ.மீ. கிட்டத்து ஃபோகஸ், கரகரவென்று சத்தம் போடும் மோட்டார். அதிலிருந்து இதற்கு வந்தால் எல்லாப் பக்கமும் முன்னேற்றம் தெரியும்.

இதன் மவுண்ட் உலோகம், உடல் பிளாஸ்டிக். மவுண்டைச் சுற்றி ரப்பர் வளையம் இல்லை, தூசிக்கும் தண்ணீருக்கும் எதிரான காப்பு எதுவும் இல்லை. ஃபோகஸ் செய்யும்போது முன்குழாய் கண்ணாடிகளோடு சேர்ந்து வெளியே நீள்கிறது. நீண்டு சுருங்கும் எந்தக் குழாயும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கடற்கரை மணல், தேர்த்திருவிழாப் புழுதி, மஞ்சள் நீராட்டு மாதிரி இடங்களில் கேமரா உடல் எவ்வளவு காப்புள்ளதாக இருந்தாலும் இந்த லென்ஸ் அதைக் கெடுத்துவிடும். அங்கே போவதென்றால் மேலே ஒரு கவராவது போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே வளையம், ஒரே சுவிட்ச்

இந்த லென்ஸில் பலரைக் குழப்புவது இதுதான். பக்கவாட்டில் இருக்கும் சுவிட்ச் ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்), எம்எஃப் (கைமுறை ஃபோகஸ்) மாற்றுவதற்கு இல்லை. ஒரு பக்கம் தள்ளினால் வளையம் ஃபோகஸ் வளையம், மறுபக்கம் தள்ளினால் அதே வளையம் அப்பர்ச்சர் போன்றவற்றை மாற்றும் கண்ட்ரோல் வளையம். ஆட்டோவிலிருந்து கைமுறை ஃபோகஸுக்குப் போக வேண்டும் என்றால் கேமரா மெனுவுக்குள்தான் போக வேண்டும். ஆர்7, ஆர்10 கேமராக்களில் உடலின் முன்பக்கமே அதற்குச் சுவிட்ச் உண்டு. ஆர், ஆர்பி, ஆர்6 போன்றவற்றில் கிடையாது. அடிக்கடி மாற்றுகிறவர்கள் அதைக் குயிக் மெனுவிலோ ஒரு பட்டனிலோ வைத்துக்கொள்வது நல்லது.

வளையம் க்ளிக் இல்லாமல் வழுவழுப்பாகச் சுழலும். வீடியோவில் சத்தமில்லாமல் அப்பர்ச்சர் மாற்ற இது வசதி. புகைப்படத்தில் இதுவே தொல்லை. லென்ஸ் முழுக்கவே நான்கு சென்டிமீட்டர்தான் என்பதால் இடது கை எங்கே பிடித்தாலும் வளையத்தின்மேல்தான் விழும். எஃப்/2.8-இல் வைத்தது தெரியாமலேயே எஃப்/4.5-க்கு நகர்ந்திருக்கும். இதற்குக் கேமராவிலேயே வழி இருக்கிறது. கண்ட்ரோல் வளையத்துக்கு அப்பர்ச்சரை ஒதுக்கும்போது, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியிருந்தால் மட்டும் மாறுகிற மாதிரியான தேர்வை எடுங்கள். தானாக நகரும் தொல்லை அன்றோடு ஒழியும்.

ஃபோகஸ் வளையம் நேரடியாகக் கண்ணாடியைத் திருப்புவதில்லை, மோட்டாருக்குச் சொல்கிறது, மோட்டார் நகர்த்துகிறது. கேமரா அணைந்திருந்தால் வளையத்தை எவ்வளவு திருகினாலும் ஒன்றும் நடக்காது. பழுது என்று நினைத்து சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வழக்கமான அமைப்பில் வளையத்தை வேகமாகத் திருப்பினால் ஃபோகஸ் அதிகம் நகரும், மெதுவாகத் திருப்பினால் கொஞ்சம் நகரும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டிய வீடியோ வேலைக்கு இது ஒத்துவராது. மெனுவில் திருப்பும் வேகத்துக்குப் பதிலாகத் திருப்பும் கோணத்தோடு இணைக்கும் தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

முன்குழாய் பற்றி இன்னொன்று. கேமராவை அணைக்கும்போது லென்ஸ் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் தேர்வு மெனுவில் இருக்கிறது, அது ஆனில் இருக்கட்டும். ஆனால் கேமரா சும்மா இருந்து தானாகவே அணைந்துபோனால் குழாய் உள்ளே போகாது. பையில் போடும் முன் சுவிட்சைக் கையால் அணையுங்கள். குழாய் உள்ளே போன பிறகே லென்ஸைக் கழற்றுங்கள். நீண்ட குழாயின் நுனியில் அடி விழுந்தால் அந்த அதிர்ச்சி நேரே உள்ளிருக்கும் பற்சக்கரங்களுக்குப் போகும்.

இதனால்தான் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் காப்பு வளையம்) அவசியம் என்கிறோம். இஎஸ்-65பி என்ற அந்த ஹூட் பெட்டிக்குள் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். இவ்வளவு சின்ன பிளாஸ்டிக் துண்டைக் கேனன் கூடவே தராதது கஞ்சத்தனம். அது அசையாத வெளிக்குழாயில் மாட்டுவதால் இடிபடும்போது அடியைத் தான் வாங்கிக்கொண்டு உள்குழாயைக் காப்பாற்றும். வேறு நிறுவனங்களின் நகல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது மாட்டிப் பார்த்து, க்ளிக் என்று பூட்டுகிறதா, தலைகீழாகத் திருப்பியும் மாட்ட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஃபில்டர் அளவு 43 மி.மீ. கேனனின் ஆர்எஃப் 16 எம்எம் எஃப்/2.8-க்கும் இதே அளவுதான், இரண்டையும் வைத்திருப்பவர்கள் ஒரே ஃபில்டரைப் பயன்படுத்தலாம். ஃபில்டர் திருகுவது நகரும் குழாயில் என்பதால், பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் வளையமும் வெளிச்சத்தைக் குறைக்கும் கனமான வேரியபிள் என்டி ஃபில்டரும் போட்டால் மோட்டாருக்கு அது கூடுதல் சுமை. மெல்லிய 43 மி.மீ. ஃபில்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்பர்ச்சர் வாரியாகப் படம்

எஃப்/1.8-இல் நடுப்பகுதி நன்றாகவே இருக்கிறது. கண்ணிமை முடிகள் எண்ணும்படி வரும், ஆனால் மேலே ஒரு மெல்லிய பனிப்படலம் போட்டாற்போலக் கான்ட்ராஸ்ட் சற்றுக் குறைவு. ஓரத்துக்குப் போகப் போக மென்மை கூடும். மூலைகள் தெளிவாகவே இருட்டாகும். எஃப்/2-க்கும் எஃப்/2.5-க்கும் நடுவில் அந்தப் படலம் விலகுகிறது. எஃப்/2.8-இல் நடுப்பகுதி விலைக்கு நம்ப முடியாத கூர்மை, மூலை இருட்டும் பெரும்பகுதி போய்விடும். மூலைகளும் கூர்மையாக வேண்டும் என்றால் எஃப்/5.6 வரை போக வேண்டும். எஃப்/8-க்கு மேல் லாபம் இல்லை. எஃப்/16, எஃப்/22-இல் ஒளிச்சிதறலால் மொத்தப் படமுமே மென்மையாகும், பொருள் படம் எடுப்பவர்கள் எஃப்/11-ஐத் தாண்டாதீர்கள்.

இந்த லென்ஸில் நிரந்தரமாக எஃப்/1.8 வைத்து எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ப்ளர் வேண்டும் என்ற ஆசையில் பாதி முகத்தை இழக்கிறீர்கள். 1 மீட்டர் தூரத்தில் எஃப்/1.8-க்குக் கிடைக்கும் ஃபோகஸ் ஆழம் சுமார் 4 செ.மீ. முகத்தைச் சற்றுத் திருப்பினால் ஒரு கண் உள்ளே, மறு கண் வெளியே. எஃப்/2.8 வைத்தால் அது 6 செ.மீ.க்குச் சற்றுமேல். 1.5 மீட்டருக்குப் பின்னே போய் எஃப்/2.8 வைத்தால் 14 செ.மீ. கிடைக்கும், மூக்கு நுனி முதல் காது வரை அடங்கும், பின்னணியும் இன்னும் கரைந்தே இருக்கும். தனி ஆள் படத்துக்கு இதுவே இந்த லென்ஸின் சிறந்த இடம்.

மண்டப மேடையில் 3 மீட்டர் தள்ளி நின்று எடுக்கும்போது எஃப்/4-க்குச் சுமார் 85 செ.மீ. ஆழம் கிடைக்கும். ஒரே வரிசையில் நிற்பவர்களுக்கு அது போதும். இரண்டு வரிசை என்றால் எஃப்/5.6, ஃபோகஸ் முன்வரிசையில். ஆழம் ஃபோகஸ் புள்ளிக்குப் பின்னால் கொஞ்சம் அதிகமாக நீளும் என்பதால் பின்வரிசையும் சேர்ந்துவிடும். மூலைகளில் நிற்கும் அத்தை, மாமாவின் முகமும் அந்த அப்பர்ச்சரில்தான் சரியாக வரும்.

பின்னணி ப்ளரின் தன்மை பின்னணியைப் பொறுத்தது. சுவர், திரை, தூரத்து வயல் என்றால் மிருதுவாக இருக்கும். நெருக்கமான இலைகள், கிளைகள், கம்பிவேலி என்றால் ஓரங்களில் இரட்டைக் கோடு விழுந்து படபடப்பாகத் தெரியும். ஆளைப் பின்னணியிலிருந்து இன்னும் இரண்டடி முன்னே நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சீரியல் விளக்குகள் எஃப்/1.8-இல் நடுவில் வட்டமாகவும் ஓரங்களில் பூனைக்கண் வடிவிலும் விழும். ஓரத்தில் ஃபோகஸில் இருக்கும் சின்ன விளக்குகள் எஃப்/1.8-இல் சிறகு விரித்தாற்போல இழுபடும். கோபுர விளக்கு அலங்காரத்தை இரவில் எடுப்பவர்கள் முக்காலி போட்டு எஃப்/5.6-க்குப் போவதே வழி. எஃப்/11-க்கு மேல் விளக்குகள் 14 முனை நட்சத்திரமாக மாறும். இதழ்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் முனைகள் இரட்டிப்பாகும்.

ஊதாவும் பச்சையும்

எஃப்/1.8 முதல் எஃப்/2.5 வரை பளபளப்பான எதையும் இந்த லென்ஸ் நிறம் பூசித்தான் தரும். ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் ஒளிக்கீற்றுகளின் ஓரத்தில் ஊதா, பின்னால் இருப்பவற்றில் பச்சை. வெள்ளிச் சரிகை, கல் பதித்த நெக்லஸ், குத்துவிளக்கின் பித்தளை ஓரம், வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டி ஆகியவற்றில் கட்டாயம் தெரியும். லைட்ரூம் மென்பொருளில் லென்ஸின் நிறப்பிசகை நீக்கும் டிக்கைப் போட்டுவிட்டு "போகவில்லையே" என்பவர்கள் பலர். அந்த டிக் படத்தின் ஓரங்களில் பக்கவாட்டில் விழும் நிறப்பிசகுக்கானது. முன்பின்னாக விழும் இந்த ஊதாவுக்கும் பச்சைக்கும் டீஃப்ரிஞ்ச் ஸ்லைடர்களைத்தான் தொட வேண்டும். அதிகமாக இழுத்தால் ஊதா நிறப் பட்டுப்புடவையின் ஓரமும் சேர்ந்து சாம்பலாகிவிடும், எனவே மாஸ்க் போட்டு அந்த இடத்தில் மட்டும் செய்யுங்கள். எடுக்கும்போதே எஃப்/3.2 வைத்தால் இந்த வேலையே பெரும்பாலும் மிச்சம்.

ஜேபெக் எடுப்பவர்கள் கேமராவில் மூலை இருட்டுத் திருத்தத்தையும் டிஸ்டார்ஷன் திருத்தத்தையும் ஆன் செய்துகொள்ளலாம். திருத்தாத படத்தில் கோடுகள் வெளிப்பக்கமாகச் சற்றே வளையும். முகத்தில் தெரியாது, மண்டபத் தூண்களிலும் கதவு நிலையிலும் தெரியும். உயர்ந்த ஐஎஸ்ஓ-வில் (ஒளியுணர்வு அளவு), எஃப்/1.8-இல் எடுக்கும்போது மட்டும் மூலை இருட்டுத் திருத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இருண்ட மூலையை மென்பொருள் தூக்கும்போது அங்கே நாய்ஸும் (மணல்போன்ற புள்ளிகள்) சேர்ந்து எழும்பும்.

நகைப் படம் எவ்வளவு தூரம் முடியும்?

கிட்டத்து ஃபோகஸ் 30 செ.மீ., உருப்பெருக்கம் 0.25 (பொருளின் அளவில் கால் பங்காகச் சென்சாரில் விழும்). இந்தத் தூரத்தை லென்ஸின் முன்முனையிலிருந்து இல்லாமல் சென்சாரிலிருந்தே அளக்க வேண்டும். ஆகவே லென்ஸின் முன்முனைக்கும் பொருளுக்கும் இடையில் கிடைப்பது அதைவிட நன்றாகவே குறைவு. அந்தத் தூரத்தில் படத்தில் அடங்கும் பரப்பு சுமார் 14.4 செ.மீ. அகலம், 9.6 செ.மீ. உயரம். தாலி, அழைப்பிதழ், தட்டில் வைத்த சாப்பாடு ஆகியவற்றுக்கு இது தாராளம். ஒற்றை மோதிரம் அல்லது மெட்டி என்றால் படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான் நிரப்பும். ஆர்5 மாதிரி 45 மெகாபிக்சல் இருந்தால் வெட்டிச் சமாளிக்கலாம், 24 மெகாபிக்சலில் ஆல்பத்தின் முழுப் பக்கத்துக்குப் போதாது.

கிட்டத்தில் இன்னொரு சிக்கல் ஆழம். 30 செ.மீ.இல் எஃப்/1.8 என்றால் 2 மி.மீ. மட்டுமே ஃபோகஸில் இருக்கும். மூச்சு விட்டால் போய்விடும். எஃப்/8-க்குப் போனாலும் 1 செ.மீ.தான். நகையைக் கேமராவுக்கு இணையாகப் படுக்கவைத்து எஃப்/8, முக்காலி அல்லது ஃபிளாஷ் என்று எடுங்கள். நகைதான் முதன்மைத் தொழில் என்றால் இதை வாங்காமல் ஆர்எஃப் 35 எம்எம் எஃப்/1.8 மேக்ரோவைப் பாருங்கள். அதன் உருப்பெருக்கம் 0.5, கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரும் உண்டு, எடை 305 கிராம்.

ஆட்டோஃபோகஸ்

எஸ்டிஎம் மோட்டாரில் இரு வகை. திருகுதண்டு வகை அமைதியானது, பற்சக்கர வகை சிறியது. இதில் இருப்பது இரண்டாவது. இந்த லென்ஸின் சின்ன உருவத்துக்குக் காரணமும் அதுதான், சத்தத்துக்குக் காரணமும் அதுதான்.

ஆள் நிற்கும், உட்காரும் படங்களுக்குக் கண் கண்டறியும் ஃபோகஸோடு இதன் வேகமும் துல்லியமும் குறை சொல்ல முடியாதவை. டிஎஸ்எல்ஆர் காலத்தில் எஃப்/1.8-இல் ஃபோகஸ் முன்பின் தவறுவது பெருந்தலைவலி. மிரர்லெஸ்ஸில் (ஆர் வரிசை போல அந்தக் கண்ணாடி இல்லாத கேமராக்களில்) சென்சாரே ஃபோகஸைப் பார்ப்பதால் அந்தத் தலைவலி தீர்ந்தது. ஆனால் கேமராவை நோக்கி ஓடிவரும் குழந்தை, மணமேடையை நோக்கி நடந்துவரும் ஜோடி என்றால் கடைசி இரண்டு மீட்டரில் மோட்டார் பின்தங்கும். அங்கே எஃப்/4 வைத்து, ஆழத்தின் துணையோடு தொடர்ச்சியாக எடுப்பதே நம்பகமான வழி. மங்கிய வெளிச்சத்தில் வெறும் சுவரையோ பட்டுத்துணியின் வெற்றுப் பரப்பையோ குறிவைத்தால் 30 செ.மீ.இலிருந்து முடிவிலி வரை போய்த் திரும்பிவரும். அந்த நேரத்தில் கணம் போய்விடும். ஃபோகஸ் கிடைக்காதபோது லென்ஸ் தேடலைத் தொடர வேண்டுமா என்று கேட்கும் மெனு தேர்வை ஆஃப் செய்யுங்கள், முயற்சி உடனே நின்றுவிடும், நீங்கள் வேறோர் ஓரத்தைக் குறிவைக்கலாம்.

பட்டனைத் தொடாமலே லென்ஸ் முனகிக்கொண்டே இருக்கிறது என்றால் முன்கூட்டியே ஃபோகஸ் செய்துகொண்டிருக்கும் தொடர் ஏஎஃப் ஆனில் இருக்கிறது என்று பொருள். சில மாடல்களில் அதன் பெயர் பிரிவியூ ஏஎஃப். ஆஃப் செய்தால் சத்தம் நிற்கும், பேட்டரியும் கொஞ்சம் மிஞ்சும்.

வீடியோவுக்கு

கேமராவின் சொந்த மைக்கில் மோட்டார் சத்தம் பதிவாகும். அமைதியான அறையில் பேட்டி எடுத்தால் ஒவ்வொரு ஃபோகஸ் அசைவும் கேட்கும். கேமராவுக்கு மேல் மாட்டும் மைக்கிலும் ஓரளவு வரும், சட்டையில் குத்தும் மைக் வைத்தால் பிரச்சினை இல்லை. மூவி சர்வோ ஏஎஃப் வேகத்தைக் குறைத்து வைத்தால் ஃபோகஸ் குதிக்காமல் நழுவும், சத்தமும் மட்டுப்படும்.

இன்னொரு குறையை மென்பொருளால் முழுவதும் மறைக்க முடியாது. ஃபோகஸ் அருகிலிருந்து தூரத்துக்குப் போகும்போது படத்தின் பார்வைக்கோணமே மாறும். கையிலிருக்கும் மாலையிலிருந்து பின்னால் நிற்கும் முகத்துக்கு ஃபோகஸ் மாற்றினால் ஜூம் செய்தாற்போலப் படம் மூச்சு வாங்கும். அந்த மாதிரி ஷாட்டுகளே வீடியோவின் உயிர் என்று நினைக்கும் சினிமாட்டிக் கல்யாண வீடியோக்காரர்களுக்கு இது சரிப்படாது. ஒரே தூரத்தில் உட்கார்ந்து பேசும் யூடியூப் வீடியோவுக்கு ஒரு குறையும் தெரியாது.

லென்ஸுக்குள் ஸ்டெபிலைசர் இல்லை. ஆர்5, ஆர்6 வரிசையில் சென்சாரே அசைந்து ஈடுகட்டும். ஆர், ஆர்பி, ஆர்8-இல் அதுவும் இல்லை. அவற்றில் கையில் பிடித்துப் புகைப்படம் எடுக்க ஷட்டர் 1/125-க்குக் கீழே போகாதீர்கள், ஆள் அசைகிற இடத்தில் 1/250. ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், நாய்ஸைப் பிறகு குறைக்கலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. நடந்துகொண்டே எடுக்கும் வீடியோவுக்குக் கிம்பல் (ஆட்டத்தை ஈடுகட்டும் கைப்பிடி) தேவை. கேமராவின் டிஜிட்டல் ஸ்டெபிலைசரை ஆன் செய்தால் படம் வெட்டுப்பட்டு 50 எம்எம் இன்னும் நெருங்கிவிடும்.

இதற்கு மேலே என்ன இருக்கிறது?

கேனனில் 50-க்கு மேல்படி 2024-இல் வந்த எஃப்/1.4 எல் விசிஎம், 580 கிராம். வீடியோவே தொழில் என்றால் நேரே அதற்குப் போகலாம், அமெரிக்கத் தொடக்க விலை 1,399 டாலர். அதாவது இந்த லென்ஸ் ஏழு வாங்கும் பணம். தரமும் காப்பும் கூடும், சுமையும் கூடும். நடுவிலுள்ள இடைவெளி பெரிது என்பதே கேனன் பயனர்களின் பழைய மனக்குறை. சோனியில் 174 கிராமில் எஃப்இ 50 எம்எம் எஃப்/2.5 ஜி இருக்கிறது, அப்பர்ச்சர் வளையத்தோடும் வேகமான லீனியர் மோட்டார்களோடும். விலை இதைப்போல மூன்று மடங்கு. நிக்கானில் 170 கிராமில் இசட் 40 எம்எம் எஃப்/2 இருக்கிறது, அதன் மவுண்ட் பிளாஸ்டிக். இந்த ஒரு லென்ஸுக்காக யாரும் கேமரா நிறுவனத்தை மாற்ற வேண்டியதில்லை.

கடையில் சோதிப்பது

உங்கள் கேமராவையே எடுத்துப் போங்கள். மாட்டி ஆன் செய்து, அருகில் ஒன்றும் தூரத்தில் ஒன்றுமாக மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்யுங்கள். சீரான முனகல் இயல்பு. நடுவில் கடகட என்றோ ஒரே இடத்தில் தடுக்கினாற்போலவோ கேட்டால் வேறு பீஸ் கேளுங்கள். குழாய் நீண்டிருக்கும்போது விரல் நுனியால் மெதுவாகத் தொட்டால் இழையளவு ஆட்டம் இருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் கூடாது.

அடுத்து மூலைகள். கண்ணாடி ஒன்று மையம் பிசகி அமர்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் மங்கும், விலை குறைந்த லென்ஸில் கட்டாயம் பார்க்க வேண்டியது இது. தெருவுக்கு எதிரே உள்ள கட்டடத்தின் பெயர்ப்பலகை போன்ற ஒன்றை எஃப்/2.8-இல் எடுங்கள். ஃபோகஸ் புள்ளியை நான்கு மூலைகளுக்கும் தனித்தனியாகக் கொண்டுபோய், பலகையை அந்த மூலையிலேயே வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்து நான்கு படங்கள். நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டு மூலையைப் பார்த்தால் ஃபோகஸ் தளத்தின் வளைவும் பிசகும் கலந்து குழப்பும். நான்கு மூலைகளும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் லென்ஸ் சரி. ஒன்று மட்டும் அசிங்கமாக மங்கினால் அந்தப் பீஸ் வேண்டாம்.

பழையது வாங்குவதானால் முன்குழாயின் விளிம்பையும் ஃபில்டர் மரையையும் உற்றுப் பாருங்கள். அங்கே நசுங்கல் இருந்தால் கீழே விழுந்த லென்ஸ், படம் இப்போது நன்றாக வந்தாலும் பற்சக்கரம் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. வளையத்தை இரு தேர்விலும் வைத்துச் சுழற்றி, சுவிட்ச் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். கேமராவை அணைத்ததும் குழாய் முழுக்க உள்ளே போக வேண்டும். பாதியில் நின்றால், விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். புதிய லென்ஸே மலிவு என்பதால் பழுது பார்க்கும் செலவு கட்டுப்படியாகாது.